முதுகு காட்டி உட்கார்ந்தவர்

அவரைத் திமிர் பிடித்தவர் என்று முதலில் சொன்னது நான்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டில், மகள் குடும்பத்தோடு இருந்தார். மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் டிரைவர் சார். தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்து வருவார். அதை வாசலைப் பார்த்துப் போட்டால் போகிறவர் வருகிறவரிடம் நாலு வார்த்தை பேசலாம். இவரோ காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். நாற்பது குடித்தனத்துக்கும் காணக் கிடைப்பது அவருடைய அகலமான முதுகும், கை வைத்த பனியனும், தோளில் ஒரு ஈரத் துண்டும்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முதுகைக் காட்டி உட்காருகிற பிள்ளைகளை ஒரு அதட்டலில் திருப்பி உட்காரவைத்தே பழகியவள். பைக்குள் சாவி தேடிக்கொண்டு அவரைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வாய் துறுதுறுக்கும். 'டிரைவர் சார், இந்தப் பக்கம் திரும்புங்கோ' என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை இது. எங்கள் ஒரே பெண் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டாள். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், எங்கள் இரண்டு பேரையும் விட அதிகமாகப் பேசுகிற டிவி. நாய் வளர்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தெருவில் தவிக்கிற குட்டிகளை எடுத்துத் தேற்றி, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிற ஒரு பெண் அடையாறில் இருந்தாள். அவளிடம் மூன்று மாதக் குட்டி ஒன்று. தேன் நிறம், கறுத்த மூக்கு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும். அதற்கு முன் இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டதாம். ஒரு வீட்டில் கட்டிலுக்கடியை விட்டு வரவே இல்லையாம். இன்னொரு வீட்டில் ஆளைக் கண்டாலே ஒன்றுக்குப் போய்விட்டதாம்.

"ரொம்ப பயந்த குட்டி ஆன்ட்டி. உங்களால முடியலைன்னா தீபாவளிக்கு முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள். "வெடிச் சத்தத்துல தெருவுல ஓடிட்டா அப்புறம் கிடைக்கவே மாட்டா. ஆனா மூணாவது தடவையும் திரும்பி வந்த குட்டியை வேற யாரும் எடுக்க மாட்டாங்க. அதையும் யோசிச்சுக்கோங்க."

நான் எதையும் யோசிக்கவில்லை. பஞ்சாங்கத்தைத்தான் பார்த்தேன். கோகுலாஷ்டமி அன்று, ராகுகாலம் கழிந்து, நல்ல நேரத்தில் குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. வாசலிலிருந்து பூஜை அலமாரிவரை மாக்கோலத்தில் சின்னச் சின்னக் கிருஷ்ணர் பாதம் போட்டிருந்தேன். கல்யாணமாகி வருகிற மருமகளுக்குச் செய்கிற மாதிரி ஆரத்தி கரைத்துத் தட்டில் கற்பூரத்தை ஏற்றி நான் சுற்ற, என் வீட்டுக்காரர் பூஜை மணியை எடுத்துக் கணகணவென்று ஆட்டினார். முகத்துக்கு நேரே நெருப்பு, காதுக்குப் பக்கத்தில் மணி, சாம்பிராணிப் புகை வேறு. அந்தப் பெண் கையிலிருந்து குட்டி நழுவி விழுந்து, வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டே கிருஷ்ணர் பாதம் அத்தனையையும் அழித்து, வழியெல்லாம் ஈரமாக்கி, சமையலறையைத் தாண்டி சர்வீஸ் பால்கனியில் இருக்கிற வாஷிங் மெஷினுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

"அமோகமான கிரகப் பிரவேசம்" என்றார் என் வீட்டுக்காரர், கையில் மணியோடு. அன்றைக்கு வீடெல்லாம் பட்சணமாக இருந்ததால் சீடை என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

நான்கு நாள் சீடை வாஷிங் மெஷினை விட்டு வரவில்லை. நாங்கள் படுத்த பிறகு வந்து தயிர் சாதத்தைத் தின்றுவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். நான் கொஞ்சிக் கூப்பிட்டேன், கெஞ்சிக் கூப்பிட்டேன், கடைசியில் வகுப்பறைக் குரலில் கூப்பிட்டேன். அந்தக் குரலுக்கு ஒன்பதாம் வகுப்பே எழுந்து நிற்கும். மெஷினுக்கு அடியில் இரண்டு கண் இன்னும் பின்னால் போனது. ஐந்தாம் நாள் எனக்குப் பொறுமை போயிற்று. மெஷினை நகர்த்தி, குட்டியை இழுத்து, கல்யாணத்தில் கொடுத்த பெரிய துணிப்பை ஒன்றில் போட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டுக் கீழே தூக்கிக்கொண்டு போனேன். மண்ணைக் காட்டினால் பழகிவிடும் என்று என் எண்ணம்.

டிரைவர் சார் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, அத்த கீழ எறக்காதீங்க. மேல இட்டுனு போயிடுங்க."

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். திரும்பாமலே சொன்னார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"உங்களுக்கு முதுகுல கண் இருக்கா?"

"பைக்குள்ள நகம் பிராண்டற சத்தம் கேக்குது. நாலு நாளா நீங்க கூப்பிடறதும் கேக்குது. ரெண்டு மாடி கீழ குந்தினுகீற எனக்கே எழுந்து வந்துடலாமான்னு கீது. அத்துக்கு மட்டும் வரத் தோணல. இன்னா அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"கூப்பிட வேணாம்னு அர்த்தம்."

மறுநாள் நாலரை மணிக்கு எங்கள் கதவில் நகத்தால் தட்டுகிற சத்தம். அழைப்பு மணியை அவர் தொடவில்லை. இரண்டு மாடி ஏறி, சிவப்பு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். யாரையும் கேட்காமல் சர்வீஸ் பால்கனிக்குப் போய், வாஷிங் மெஷினுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு, எங்கள் வீட்டு முந்தாநாள் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. வரி விளம்பரத்தைக்கூட விடாமல் படித்தார்.

தூங்கி எழுந்து வந்த என் வீட்டுக்காரர் என் காதோடு கேட்டார். "யாரு இது? நம்மாத்து பால்கனியில செவுத்தப் பாத்துண்டு உக்காந்திருக்கார்?"

"நாயைப் பழக்கறாராம்."

"நாய் அந்தப் பக்கம்னா இருக்கு?"

டிரைவர் சார் எழுந்து பேப்பரை மடித்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஒண்ணும் ஆவல. நல்லா போச்சு" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். நாற்காலி இங்கேயே இருக்கட்டுமே என்றதற்கு, "அப்புறம் கீழ எதுல குந்தறது?" என்றார்.

இரண்டாம் நாள் அவர் சட்டைப் பையில் ஒரு அவித்த முட்டை இருந்தது. எங்கள் வீடு பூண்டுக்கே யோசிக்கிற வீடு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "தயிர் சாதத்துக்கு எந்த நாயும் வேல செய்யாது டீச்சரம்மா. கோச்சிக்காதீங்க." என் வீட்டுக்காரர் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "ஆத்துக்குள்ள முட்டை கூடாது. ஆனா சர்வீஸ் பால்கனி ஆத்துல சேர்த்தி இல்லை." சீடை தங்கிய இடம் அந்த பால்கனி என்பதால் அப்போதைக்குப் பிரச்சினை தீர்ந்தது. பிற்பாடு அது ஹாலுக்குக் குடிபெயர்ந்தபோது ஹாலும் ஆத்தில் சேர்த்தி இல்லை என்று ஆயிற்று.

முட்டையைப் பிட்டு, தோளுக்கு மேலாகப் பின்னால் போடுவார். திரும்பிப் பார்க்க மாட்டார். மூன்றாம் நாள் போட்ட முட்டைத் துண்டு காணாமல் போனது. ஆறாம் நாள் ஒரு கறுத்த மூக்கு வெளியே வந்து அவருடைய குதிகாலை முகர்ந்தது. சமையலறைக் கதவிடுக்கில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் பேப்பரில் ஒரு பக்கம் திருப்பினார், அவ்வளவுதான். எட்டாம் நாளிலிருந்து நாற்காலியை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார ஆரம்பித்தார். பத்தாம் நாளோ என்னவோ, நான் காபி கொண்டுபோனபோது, சீடை அவர் முதுகில் தன் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மடங்கிய காது துடித்தது. அவர் ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டி, காபியை வேண்டாம் என்று கையசைத்தார். குடிக்கக் கையைத் தூக்கினால் முதுகு அசையுமாம்.

அன்றைக்குத்தான் அவரிடம் கேட்டேன், இந்த வித்தையை எங்கே பிடித்தீர்கள் என்று.

"வித்தையாவது ஒண்ணாவது. முப்பது வருசம் வண்டி ஓட்டினேன். பின்னால அறுவது பேரு. ஒருத்தர் மூஞ்சியும் எனுக்குத் தெரியாது, என் மூஞ்சி அவங்களுக்குத் தெரியாது. தி. நகர்ல ஏறுவாங்க, ஆழ்வார்பேட்ட தாண்டறதுக்குள்ள பாதி பேரு வாயப் பொளந்துகினு தூங்கிடுவாங்க. முன்ன பின்ன தெரியாதவன் முதுக நம்பித் தூங்கறாங்க. அத்தவிட இன்னா மரியாத வேணும் ஒரு மனுசனுக்கு?"

டெப்போவில் ராத்திரி நிற்கிற வண்டிகளுக்கு அடியில் நாய்கள் குட்டி போட்டுவிடுமாம். காலையில் வண்டி எடுக்கும்போது மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள், குச்சியால் குத்துவார்கள்; குட்டிகள் பயந்து சக்கரத்தை ஒட்டிப் போய்ப் பதுங்கும். இவர் முன்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருப்பாராம். கடைசிக் குட்டி வெளியே வந்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். நாய்க்குட்டியால் தாமதம் என்று காரணம் எழுதிக்கொடுத்து மெமோ வாங்கிய ஒரே டிரைவர் தான்தான் என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான் என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். எங்கள் மூன்றாவது மாடியில் ஒரு அம்மாவுக்குக் கணவர் திடீரென்று இறந்துபோனார். கதவைச் சாத்திக்கொண்டு அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. நாங்கள் பெண்கள் எல்லாம் முறைபோட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினோம், 'ஒரு வாய் சாப்பிடுங்கோ' என்று வெளியிலிருந்தே ஆறுதல் சொன்னோம். டிரைவர் சார் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே மாடிப்படியில், கதவுக்கு முதுகு காட்டி, தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா கதவைத் திறந்து, "காபி சாப்பிடறேளா?" என்று கேட்டாராம். "குடுங்க" என்றாராம் இவர். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த அம்மா அடுத்த நாள் கடைக்குப் போனார்.

நான் அவரை ஒரு மகான் என்கிற அளவுக்குப் போய்விட்டேன். அதை அவரிடமே சொல்லியும் விட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பேப்பரைக் கீழே வைத்தார்.

"சும்மா இருங்க டீச்சரம்மா. சிந்தாதிரிப்பேட்டைல எனுக்கு ஒரு அண்ணன் இருந்தாரு. எம் பொண்ணு கல்யாணத்துக்கு முதப் பத்திரிக தனுக்கு வைக்கலன்னு கோச்சிக்கினு போயிட்டாரு. வருவாருன்னு குந்தினு இருந்தேன். அவரா வரட்டும், நாம எதுக்குப் போயிக் கூப்பிடறதுன்னு. ஒம்போது வருசம். அப்புறம் சேதிதான் வந்திச்சு." பேப்பரை மறுபடி எடுத்துக்கொண்டு, "எல்லார்கிட்டயும் முதுகக் காட்டிகினு இருந்தா வேலைக்காவாது" என்றார். முட்டை இன்னும் வேண்டுமா என்று கேட்டேன்.

சீடையின் பாடம் வேகமாக நடந்தது. பெல்ட்டை முதலில் தரையில் போட்டு அதன்மேல் முட்டை வைத்தார். பிறகு கழுத்தில் ஒரு நிமிஷம், மறுநாள் ஐந்து நிமிஷம். கயிற்றை மாட்டி வீட்டுக்குள் அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டு திரியவிட்டார். படி இறங்க ஒரு நாளைக்கு இரண்டு படிதான், அதற்கு மேல் அது விரும்பினாலும் விடமாட்டார். தீபாவளிக்கென்று தனிப் பாடம். சீடை தின்னும்போது ஹாலில் நான் எவர்சில்வர் மூடியை மெதுவாகத் தரையில் போடவேண்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக. "வெடிக்குப் பயப்படாத நாய் கெடையாது. பயந்துகினு ஓடும். ஓடட்டும். ஓடும்போது யாராண்ட ஓடுதோ, அதான் அத்துக்கு வூடு. அது தெரிஞ்சிக்கினா போதும்."

சங்கடம் அங்கேதான் வந்தது. சீடை யாரிடம் ஓடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நாலே காலுக்கே வாசல் கதவருகில் போய் உட்கார்ந்துகொள்ளும். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வால் மட்டுமல்ல, பின்பாதி உடம்பே ஆடும். நான் கிட்டே போனால் சுவரோரமாக ஒதுங்கும். என் கையால் போட்டதைத் தின்னும், ஆனால் நான் நகர்ந்த பிறகு.

"என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு அவருக்கு வாலாட்டறது" என்று வீட்டுக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

"நீயும் முதுகைக் காட்டேன்."

"காட்டாமலா இருக்கேன்? என் முதுகைப் பாத்துட்டு, அவர் முதுகு எங்கேன்னு தேடறது."

எனக்குப் பொறாமை. ஐம்பது வயதில் ஒரு நாய்க்குட்டிக்காக, கீழ் வீட்டுக்காரர்மேல் பொறாமை. ஒருநாள் வெடுக்கென்று சொல்லியே விட்டேன்: "டிரைவர் சார், பேசாம இதை நீங்களே வச்சுக்கோங்களேன்."

சீடையின் தலை அவர் தொடையில் இருந்தது.

"ஆச இல்லாமயா? பேத்திக்கு வீசிங் கீதும்மா. நாய் முடி ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மேல வந்துட்டுப் போனா, வாசலாண்டயே சட்டைய மாத்திக்கினுதான் உள்ள போறேன்" என்றார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவர் வரவில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. கீழே போய்க் கேட்டேன். "முட்டி வலி. படி ஏற முடியல" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. சரி, வயசாயிற்று, வலிக்கும்தான் என்று தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டார்.

நாலே காலுக்குக் கதவருகில் போய் உட்கார்ந்த சீடை இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் படியில் செருப்புச் சத்தம். சீடை எழுந்து நின்று உடம்பெல்லாம் ஆடியது. சத்தம் எங்கள் மாடிக்கு வந்து, நிற்காமல், மேலே ஏறிப் போனது. கதவைத் திறந்து பார்த்தால் டிரைவர் சார் மொட்டை மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார், காயப்போட்ட துணியை எடுக்க. முட்டி வலியைக் காணோம்.

"டிரைவர் சார்!" என்று கூப்பிட்டேன். என் காலுக்கிடையில் சீடை அழுதது. அவர் திரும்பவில்லை. நான்கு மாடி ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கதவை அறைந்து சாத்தினேன். தாயில்லாப் பிள்ளையை மடியில் போட்டுப் பழக்கிவிட்டு நடுவழியில் இறக்கிவிட்டுப் போகிறார், இவரெல்லாம் ஒரு மனுஷரா என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். திமிர் என்ற வார்த்தையை மறுபடியும் எடுத்தேன்.

வேறு வழி தெரியாததால் அவருக்குப் பதிலாக, நாலரை மணிக்கு, நான் ஹாலில் தரையில் உட்கார்ந்தேன். திருத்தவேண்டிய பரீட்சைப் பேப்பர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, கதவருகில் இருக்கிற சீடைக்கு முதுகு காட்டி. கூப்பிடவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் மாணவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நாலைந்து நாள் கழித்து, பின்னால் ஒரு முழம் தள்ளி சீடை வந்து படுத்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் காலையிலேயே தெருவில் வெடி ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் சீடை வாஷிங் மெஷினுக்கு அடியில் இன்னும் சுருங்கியது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடலாம். அவகிட்டயே இருக்கட்டும். நாம ஆசைப்பட்டோம்ங்கறதுக்காக அதை இப்படிப் படுத்தப்படாது."

எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. போன் செய்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்றாள் அந்தப் பெண்.

நாலரை மணிவாக்கில் வெடிச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்தது. கடைசியாக ஒருமுறை நடத்திக் கூட்டிப்போகலாம் என்று முட்டையைப் போட்டுச் சீடையை வெளியே வரவழைத்து, பெல்ட் மாட்டிக் கீழே இறங்கினேன். டிரைவர் சார் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காத மாதிரி போனேன். கார் நிறுத்துமிடத்தின் நடுவே வந்தபோது, கேட்டுக்கு வெளியே யாரோ ஆயிரம்வாலா சரத்தைப் பற்றவைத்துவிட்டார்கள்.

சீடை ஒரு துள்ளு துள்ளியது. கயிறு என் கையைச் சுட்டுக்கொண்டு உருவிப் போனது.

"வாட்ச்மேன்! கேட்ட சாத்து!" என்று ஒரு குரல். டிரைவர் சார் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கேட் சாத்துகிற ஓசை கேட்டது. சீடை இரண்டு கார்களுக்கு நடுவில் புகுந்து, அவரைப் பார்த்துவிட்டு, காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு அவரை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடியது.

அவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

வெளியே வெடி வெடித்துக்கொண்டே இருக்கிறது, சீடை இரண்டு காலில் நின்று அந்தக் கதவைப் பிராண்டுகிறது, குழந்தைபோல அழுகிறது, கதவு திறக்கவில்லை. ஓடிப்போய் அதைத் தூக்கலாம் என்று ஓரடி வைத்தேன். அது என்னைப் பார்த்து, கார்ப் பக்கம் ஓடத் திரும்பியது. நின்றுவிட்டேன். என்ன தோன்றியதோ, நல்ல புடவை என்றும் பார்க்காமல், எண்ணெய் படிந்த அந்த சிமெண்டுத் தரையில், திரும்பி உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரம் ஓய்ந்தது. பிராண்டல் நின்றது. அப்புறம் சிமெண்டுத் தரையில் நகம் படுகிற சத்தம், நின்று நின்று. பிறகு என் இடுப்புக்கும் கைக்கும் நடுவே ஒரு மூக்கு முட்டிக்கொண்டு நுழைந்தது. மொத்த உடம்பும் மடிக்குள் வந்தது. அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் என் நெஞ்சும் அடித்தது. நான் வாய்விட்டு அழுதேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார்; பார்க்கட்டும்.

"டீச்சரம்மா" என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வந்துச்சா?"

"வந்துட்டா, டிரைவர் சார். கதவைத் திறங்கோ."

"இன்னிக்கி வேணாம். மேல இட்டுனு போங்க."

மேலே போனதும் என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். என் புடவையில் அப்பியிருந்த அழுக்கைப் பார்த்தார். என் தோளில் முகத்தைப் புதைத்திருந்த சீடையைப் பார்த்தார். போனை எடுத்து, "அம்மா, நீ வரவேண்டாம்மா. அவ எங்காத்துக் குழந்தை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

அதற்குப் பிறகும் டிரைவர் சார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சீடையை நடத்திக்கொண்டு நான் அவரைக் கடந்து போகும்போது, "நல்லா நடக்குது" என்பார். ஒரு விரலால்கூடத் தொடமாட்டார். ஆறு மாதத்தில் அவர் மருமகனுக்கு வேலை கொட்டிவாக்கத்துக்கு மாறி, அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றும்போது அவர் மகள் என்னிடம் தனியாக வந்தாள்.

"அன்னிக்கு அப்பா மேல கோவமா இருந்தீங்களா ஆன்ட்டி? உள்ள வந்து தாழ்ப்பாளப் போட்டுட்டு, கதவுல முதுகச் சாச்சிக்கினு தரையில குந்திட்டாரு. அது அந்தப் பக்கம் பிராண்டப் பிராண்ட, இவரு தோளு குலுங்குது. தாத்தா ஏம்மா அழுவுதுன்னு பாப்பா கேட்டுச்சி. அது டீச்சரம்மா நாயி, இனிமே நம்ம நாயி இல்ல, அதான்னு சொன்னாரு."

வண்டி புறப்பட்டது. முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், அவர் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கே சீடை பின்னால் ஓடிவிடுவாளோ என்று கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன். அவள் வாலை ஆட்டிப் பார்த்தாள், பிறகு என் காலோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். ஓடிப்போய் அந்த வண்டியை மறிக்கவேண்டும் என்று துடித்தது நான்தான்.